ஆட்டக்காரன் யாருடைய சொத்து?

1953-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 15-ந் தேதி ஸ்பெயின் தேசத்தில் ஒரு விசித்திரமான பாகப்பிரிவினை நடந்தது. பாகத்துக்கு வந்த சொத்து நிலமன்று, வீடன்று, நகைநட்டுமன்று. இருபத்தேழு வயது நிரம்பிய ஒரு மனிதர். முதல் வருஷம் அவர் மாட்ரிட் கிளப்புக்கு ஆடவேண்டியது. இரண்டாம் வருஷம் பார்ஸிலோனா கிளப்புக்கு. மூன்றாம் வருஷம் மறுபடியும் மாட்ரிட். நான்காம் வருஷம் மறுபடியும் பார்ஸிலோனா. ஒரே கிணற்றில் இரண்டு பங்காளிகள் முறைவைத்துத் தண்ணீர் இறைப்பதுண்டல்லவா? அதைப் போன்றதே இந்த ஏற்பாடும். இரண்டு கிளப்புகளும் இதற்கு ஒப்புக்கொண்டன. அந்தப் பத்திரத்தின் கட்சிக்காரர்கள் அவ்விரண்டு கிளப்புகளே. ஆட்டக்காரர் அதில் கட்சிக்காரர் அல்லர். அவரே வழக்குச் சொத்து.

அவர் பெயர் ஆல்பிரடோ டி ஸ்டெபானோ. கால்பந்தாட்டத்தில் பிரியமுள்ளவர்களுக்கு அந்தப் பெயரை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. அவர் போட்ட கோல்களைக் கணக்கெடுப்பதும் நமது நோக்கமன்று; அந்தத் தொண்டை விளையாட்டுப் பத்திரிகைகள் குறைவறச் செய்திருக்கின்றன. தேச விஷயங்களில் சிரத்தையுள்ள வாசகர்கள் அவருடைய வாழ்க்கையில் கவனிக்க வேண்டிய அம்சம் வேறொன்று உண்டு. ஒரு மனிதனுடைய உழைப்பு யாருக்குச் சொந்தம்? சம்பளம் கொடுக்கும் எஜமானனுக்கா, பிறந்த தேசத்துக்கா, அவனை வேடிக்கை பார்த்துக் கைதட்டும் ஜனங்களுக்கா, அல்லது அவனுக்கேயா? இந்தக் கேள்வி அவரைக் கண்டம் விட்டுக் கண்டம் துரத்திக்கொண்டே சென்றது.

1926-ம் வருஷம் ஜூலை மாதம் 4-ந் தேதி அர்ஜென்டினாவின் தலைநகரான ப்யூனஸ் அயர்ஸில், பராக்காஸ் என்னும் தொழிலாளர் பேட்டையில் அவர் பிறந்தார். பாட்டனார் இத்தாலியிலிருந்து பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்தவர். தகப்பனார் உருளைக்கிழங்கு வியாபாரம் செய்தவர். அவரும் வாலிபத்தில் ரிவர் பிளேட் என்னும் பிரபல கிளப்பில் ஆடியவரே. மகனும் அதே கிளப்பில் சேர்ந்து 1945-ல் முதல் பந்தயம் ஆடினார். மறு வருஷம் உராக்கான் என்ற வேறொரு கிளப்புக்கு அவரை இரவல் கொடுத்தார்கள். மாட்டை இரவல் கொடுப்பது நாம் அறிந்தது. மனிதனை இரவல் கொடுப்பது கால்பந்து உலகத்தின் சம்பிரதாயம். 1947-ல் திரும்பி வந்து, அந்த வருஷத்துச் சாம்பியன் பட்டத்தை ரிவர் பிளேட் பெறுவதற்கு 27 கோல்கள் போட்டுக் கொடுத்தார். அவ்வாண்டு முடிவில் ஈக்வடார் தேசத்துக் குவாயாக்கில் நகரில் நடந்த தென் அமெரிக்கப் போட்டியில் அர்ஜென்டினா வென்றது. அதில் அவர் ஆறு பந்தயங்கள் ஆடி ஆறு கோல்கள் போட்டார். அவர் தமது தாய்நாட்டின் சட்டையை அணிந்து ஆடியது அவ்வளவே. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. பின்னும் ஏறக்குறைய இருபது வருஷ காலம் அவர் ஆடினார். அர்ஜென்டினா அவரை மறுபடி அழைக்கவேயில்லை.

அழைக்காததற்குக் காரணம், 1948-ம் வருஷம் நவம்பர் மாதம் அர்ஜென்டினாவில் தொடங்கிய ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தம். பீடத்திலிருந்து தேசபக்தியைப் போதிப்பவர்கள் இந்த வேலைநிறுத்தத்தின் சரித்திரத்தைச் சற்று ஊன்றிப் படிக்க வேண்டும். 1944-ல் ஆட்டக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் கண்டார்கள். சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் நிர்ணயிக்க வேண்டும். ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு ஆட்டக்காரன் தன் இஷ்டப்படி வேறு கிளப்புக்குச் செல்ல உரிமை வேண்டும். இவையே அவர்களுடைய முக்கியக் கோரிக்கைகள். ஜனங்கள் அறிந்த நட்சத்திர ஆட்டக்காரர்கள் சிலருக்குச் சம்பளம் போதிய அளவு இருந்தது; பெயர் தெரியாத பலருக்கோ மாதக்கணக்கில் பாக்கி. ஆனாலும் நட்சத்திரங்கள் விலகி நிற்கவில்லை. டி ஸ்டெபானோவும் மற்றவர்களோடு சேர்ந்து பந்தைத் தொடாமல் நின்றார்.

மூன்றாவது கோரிக்கைதான் முதலாளிகளுக்கு எரிச்சல் மூட்டியது. அதன் சூக்ஷுமத்தை வாசகர்கள் அறிய வேண்டும். ஒரு குமாஸ்தா ஒரு கம்பெனியில் ஒரு வருஷ ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறார்; வருஷம் முடிகிறது; அவர் அடுத்த தெருவிலுள்ள கம்பெனிக்குப் போகலாம். கால்பந்து ஆட்டக்காரனுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அவனுடைய பெயர் சம்மேளனத்தின் பதிவுப் புத்தகத்தில் ஒரு கிளப்பின் பேரில் எழுதப்பட்டிருக்கும். ஒப்பந்தம் காலாவதியானாலும் பதிவு காலாவதியாகாது. அந்தக் கிளப் விலை பேசி விற்றால் ஒழிய அவன் வேறெங்கும் ஆட முடியாது. விற்ற பணத்தில் பெரும்பாகம் கிளப்புக்கு. இங்கிலாந்து உட்பட நாகரிகம் பெற்றதாகச் சொல்லிக்கொள்ளும் பல தேசங்களில் அந்தக் காலத்தில் இதுவே வழக்கமாயிருந்தது. தொழிலுக்குத் தடைவிதிக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று நம் நாட்டில் 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவில் சொல்லுகிறது. அந்தப் பிரிவை எழுதியவர்கள் ஆங்கிலேயர்கள். அவர்களுடைய சொந்த ஊர்க் கால்பந்து மைதானங்களில் அந்தக் கொள்கை வாசலோடு நின்றுவிட்டதே என்பதைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது.

அர்ஜென்டினாக் கிளப்புகள் பணியவில்லை. எஞ்சிய பந்தயங்களைச் சம்பளமில்லாத இளைஞர்களைக் கொண்டு ஆடி முடித்தார்கள். ஜனங்கள் அந்தப் பந்தயங்களைப் பார்க்க வரவில்லை. தொழிலாளர்களின் பெயராலேயே ஆட்சி நடத்திய பெரோனுடைய சர்க்கார் பதவியிலிருந்த காலம் அது. அப்படியிருந்தும் மாதங்கள் கழிந்த பின்னரே சமரசம் ஏற்பட்டது. சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் சம்பளத்துக்கு உச்சவரம்பும் கூடவே வந்தது. ஒரு கையால் கொடுத்து மறுகையால் பிடுங்கிய கதைதான். மனம் கசந்த ஆட்டக்காரர்கள் வெளிநாட்டின் பக்கம் கண்ணை ஓட்டலானார்கள்.

அந்த நேரத்தில் கொலம்பியா தேசத்தில் ஒரு கதவு திறந்திருந்தது. அது திறந்த விதமும் விநோதமானது. 1948-ம் வருஷம் ஏப்ரல் 9-ந் தேதி கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவில், ஏழைகளின் தலைவரென்று ஜனங்கள் கொண்டாடிய காயித்தான் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். நகரம் தீப்பற்றி எரிந்தது. தேசம் முழுவதும் கலகம் பரவியது. அதே வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அங்கே சம்பளக் கால்பந்து லீக் ஆரம்பமாயிற்று. துக்கத்திலும் பீதியிலும் இருந்த ஜனங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு வேடிக்கை கிடைத்தது. சர்க்காருக்கு அது அசௌகரியமாக இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. புதிய லீக்கை நடத்தியவர்களுக்கும் அந்த நாட்டின் பழைய கால்பந்துச் சம்மேளனத்துக்கும் சச்சரவு மூண்டது. பீபா என்னும் சர்வதேசச் சம்மேளனம் கொலம்பியாவை விலக்கி வைத்தது. ஜாதிப்பிரஷ்டம் செய்யப்பட்டவனை ஊர்க் கட்டுப்பாடு என்ன செய்யும்? பிற நாட்டுக் கிளப்புகளுக்கு ஒரு காசும் கொடுக்காமல் ஆட்டக்காரனிடமே நேரில் பேசி அழைத்துவரக் கொலம்பியக் கிளப்புகளுக்கு வழி பிறந்தது. விலையாகப் பழைய எஜமானனுக்குப் போகவேண்டிய பணம், உழைப்பவனுடைய சட்டைப்பைக்கே போய்ச் சேர்ந்தது.

முதலில் சென்றவர் ரிவர் பிளேட்டின் பழைய நட்சத்திரம் பெதெர்னேரா. அவர் ஆடக்கூட இல்லை. மைதானத்தில் வந்து ஜனங்களுக்குக் காட்சி கொடுத்த அன்றே டிக்கெட் வசூல் குவிந்தது. 1949-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் டி ஸ்டெபானோவும், ரோஸ்ஸி என்ற நண்பரும் ப்யூனஸ் அயர்ஸை விட்டு அதே கிளப்பில் போய்ச் சேர்ந்தார்கள். கிளப்பின் பெயர் மில்யொனாரியோஸ். லக்ஷாதிபதிகள் என்று பொருள். அந்தக் காலத்துக்கு எல் டொராடோ என்ற பெயர் நிலைத்துவிட்டது. பொகோட்டாவுக்கு அருகிலுள்ள குவாதவிதா ஏரியில், உடம்பெல்லாம் பொற்பொடி பூசிக்கொண்டு ஓர் அரசன் ஸ்நானம் செய்வான் என்ற பழங்கதையிலிருந்து பிறந்த சொல் அது. அந்தப் பொன்னைத் தேடி ஸ்பானியர்கள் மலையேறினார்கள். நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் அதே மலைக்குப் பந்தாட்டக்காரர்கள் ஏறினார்கள். 1949 முதல் 1953 வரையில் நடந்த ஐந்து லீக் போட்டிகளில் நான்கில் மில்யொனாரியோஸ் வெற்றி பெற்றது.

இங்கிலாந்திலிருந்தும் சிலர் வந்தார்கள். அப்போது அங்கே எவ்வளவு சிறந்த ஆட்டக்காரனுக்கும் வாரம் 12 பவுனுக்கு மேல் சம்பளம் கொடுக்கலாகாது என்பது விதி. ஆயிரக்கணக்கானவர்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ஆட்டம் அது. வசூல் யாருக்குப் போயிற்று என்று விசாரிப்பது மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டது போலும்! நீல் பிராங்க்ளின், சார்லி மிட்டன் முதலியோர் 1950-ல் பொகோட்டாவின் ஸாந்தா பே கிளப்புக்குப் போனார்கள். பிராங்க்ளின் இங்கிலாந்துக் கோஷ்டியின் தூண் என்று புகழ் பெற்றவர். சில மாதங்களுக்குள் திரும்பி வந்தார். அவரை ஆடவிடாமல் தண்டித்தார்கள். தேசக் கோஷ்டியில் அவருக்கு மறுபடி இடமே கிடைக்கவில்லை. மிட்டனுக்கு அபராதமும் ஆறு மாதத் தடையும். குற்றம் என்ன? கூலி அதிகம் கொடுத்த இடத்துக்கு வேலைக்குப் போனது. சரக்கைக் கொழுத்த விலைக்கு விற்கும் வியாபாரியைக் கெட்டிக்காரன் என்கிறார்கள். உழைப்பை நல்ல விலைக்கு விற்கும் தொழிலாளியைத் துரோகி என்கிறார்கள். டி ஸ்டெபானோ மீதும் அதே பட்டம் சுமத்தப்பட்டது. அவரை இரவல் கொடுத்தபோதும் விலை கூறியபோதும் தாய்நாட்டின் நினைவு வராதவர்களுக்கு, அவர் தாமாகப் புறப்பட்டபோதுதான் அது வந்தது.

கதவு நெடுநாள் திறந்திருக்கவில்லை. 1951-ல் பெரு தேசத்து லீமா நகரில் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். அதன்படி கொலம்பியா சர்வதேசச் சம்மேளனத்துக்குத் திரும்பலாம். வந்த ஆட்டக்காரர்கள் 1954 அக்டோபர் வரையில் அங்கே ஆடலாம். அதற்குப் பின் அவரவர் பழைய கிளப்புக்குப் போய்விட வேண்டும். ஓடிப்போனவர்களை எஜமானர்கள் தங்களுக்குள் பேசி ஒப்படைத்துக்கொண்ட கதை இது. இந்த லீமா உடன்படிக்கைதான் நாம் ஆரம்பத்தில் சொன்ன பாகப்பிரிவினைக்கு வித்து.

1952 மார்ச்சு மாதத்தில் ரியல் மாட்ரிட் கிளப் தனது ஐம்பதாவது ஆண்டு விழாவைக் கொண்டாடியது. விழாவுக்கு அழைக்கப்பட்ட மில்யொனாரியோஸ் கோஷ்டியார் விருந்தளித்தவர்களையே 4க்கு 2 என்ற கணக்கில் தோற்கடித்தார்கள். மாட்ரிட் கிளப்பின் தலைவர் ஸாந்தியாகோ பெர்னபேயூ அன்று டி ஸ்டெபானோவைப் பார்த்தார். பார்ஸிலோனாவின் கண்ணும் அவர் மேல் விழுந்தது. அவ்வருஷக் கடைசியில் டி ஸ்டெபானோ பொகோட்டாவை விட்டு ப்யூனஸ் அயர்ஸுக்குப் போனவர் திரும்பவில்லை. தமக்கு அவர் கடன்பட்டிருப்பதாக மில்யொனாரியோஸ் புகார் செய்தது. 1953 மே மாதத்தில் குடும்பத்தோடு பார்ஸிலோனாவில் வந்து இறங்கினார். அந்த ஊர்க் கோஷ்டியின் சட்டையை அணிந்து சிநேகப் பந்தயங்களும் ஆடினார்.

வக்கீல்களுக்கு இந்த வழக்கு ருசிகரமானது. 1954 வரையில் அனுபவ பாத்தியதை மில்யொனாரியோஸுக்கு. அதற்குப் பின் சொந்தம் ரிவர் பிளேட்டுக்கு. பார்ஸிலோனா நிலச்சுவான்தாரிடம் விலைக்கு வாங்கியது. மாட்ரிட் குத்தகைதாரரிடம் வாங்கியது. இருவர் கையிலும் பத்திரம் இருந்தது. எவர் கையிலும் முழுப் பத்திரம் இல்லை. பார்ஸிலோனா குத்தகைதாரரோடு சீக்கிரம் பேசி முடித்திருக்க வேண்டும். பேசத்தான் செய்தார்கள், விலை பிடிக்காமல் இழுத்தடித்துக் காரியத்தைக் கெடுத்துக்கொண்டார்கள். இதற்கிடையில் ஆகஸ்டு மாதத்தில் ஸ்பெயினின் விளையாட்டு இலாகா, வெளிநாட்டு ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொள்வதைத் தடைசெய்து உத்தரவு போட்டது. அதன் தலைவர் மொஸ்கார்தோ என்ற ராணுவ ஜெனரல். பின்பு முன்யோஸ் கலேரோ என்பவர் மத்தியஸ்தராக வந்தார். அவர் ஸ்பெயின் கால்பந்துச் சம்மேளனத்தின் முன்னாள் தலைவர். அவருடைய தீர்ப்பே நாலு வருஷ முறைப்பங்கு.

பார்ஸிலோனா ஜனங்கள் கொதித்தார்கள். அந்த நகரம் காட்டலோனியாவின் தலைநகரம். தனி மொழியும் தனி மரபும் உடையது. 1936-ல் உள்நாட்டு யுத்தம் மூண்டபோது அந்தக் கிளப்பின் தலைவராயிருந்த ஸுன்யோலைப் பிராங்கோவின் படைகள் சுட்டுக் கொன்றன. யுத்தத்தில் வென்ற பிராங்கோ காட்டலோனிய மொழியைப் பொது இடங்களிலிருந்து விரட்டினார். வேறெங்கும் வாய் திறக்க முடியாத ஜனங்கள் கால்பந்து மைதானத்தில்தான் சேர்ந்து கூவினார்கள். பெர்னபேயூவோ யுத்தத்தில் பிராங்கோ பக்கம் நின்று போரிட்டவர். ஆகவே சர்வாதிகாரியின் கட்டளையாலேயே டி ஸ்டெபானோ பறிபோனார் என்று பார்ஸிலோனாக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள், மாட்ரிட்காரர்கள் மறுக்கிறார்கள். நமது அபிப்பிராயத்தைக் கேட்டால், அப்படி ஒரு கட்டளை தேவையே இல்லை என்போம். சர்வாதிகார ஆட்சியில் உத்தியோகஸ்தர்கள் எஜமானனின் முகக்குறிப்பை அறிந்து நடப்பவர்கள். முறைப்பங்கை ஒப்புக்கொண்ட பார்ஸிலோனாத் தலைவர் மார்த்தி கரேட்டோ ராஜிநாமாச் செய்தார். அடுத்து வந்த நிர்வாகிகள் கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு உரிமையைக் கைவிட்டார்கள். அக்டோபர் 25-ந் தேதி மாட்ரிட் மைதானத்தில் இரு கோஷ்டிகளும் சந்தித்தன. டி ஸ்டெபானோ ஆடிய மாட்ரிட் 5, பார்ஸிலோனா பூஜ்யம்.

அவருடைய ஆட்டத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் சென்டர் பார்வர்டு. அந்தக் காலத்தில் சென்டர் பார்வர்டு என்பவர் எதிரியின் கோலுக்கு அருகே காத்திருந்து, மற்றவர்கள் கொண்டுவந்து தரும் பந்தை உதைத்து உள்ளே தள்ளுபவர். டி ஸ்டெபானோ காத்திருக்கவில்லை. தம் கோல்கீப்பருக்குப் பக்கத்தில் பேக் போல நின்று பந்தைப் பறிப்பார். நடு மைதானத்தில் ஹாப் பேக் போல அதைப் பங்கிட்டுக் கொடுப்பார். மறு நிமிஷம் எதிரியின் கோலில் அதே பந்தை அடித்து முடிப்பார். சோம்பி நிற்கும் கூட்டாளியை மைதானத்திலேயே அதட்டுவார். விதை விதைத்தவனே கதிரும் அறுத்துக் களத்துக்கும் சுமப்பது போன்ற ஆட்டம் அது. பந்தைக் காலில் வைத்துச் சித்து விளையாடும் ஆட்டக்காரர்கள் அவருக்கு முன்பும் பின்பும் உண்டு. மைதானம் முழுவதையும் தன் வயலாக எண்ணி உழுதவர் அவரைப்போல் வேறொருவரை நாம் அறியோம்.

பலன் கைமேல் கண்டது. 1933-க்குப் பின் லீக் பட்டத்தைக் காணாத மாட்ரிட், அவர் வந்த முதல் வருஷமே அதைப் பெற்றது. அவர் இருந்த பதினோரு வருஷங்களில் எட்டு முறை பெற்றது. 1955-ல் தொடங்கிய ஐரோப்பியக் கோப்பையை 1956 முதல் 1960 வரை ஐந்து வருஷமும் தொடர்ந்து வென்றது. ஐந்து இறுதிப் பந்தயங்களிலும் டி ஸ்டெபானோ கோல் போட்டார். கடைசியான ஐந்தாவது பந்தயம் 1960 மே 18-ந் தேதி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடந்தது. கூடியிருந்தவர்கள் 1,27,621 பேர். எதிர்க் கோஷ்டி ஜெர்மனியின் ஐன்ட்ராக்ட் பிராங்பர்ட். அது சாமானியமானதன்று, அரையிறுதியில் அதே கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் கோஷ்டியை இரண்டு பந்தயங்களில் 12க்கு 4 என்று வாட்டி எடுத்திருந்தது. முதல் கோலும் ஜெர்மானியர்களே போட்டார்கள். முடிவில் மாட்ரிட் 7, பிராங்பர்ட் 3. டி ஸ்டெபானோ மூன்று, புஷ்காஷ் நான்கு. புஷ்காஷும் பரதேசியே. 1956-ல் ஹங்கேரியில் எழுந்த புரட்சியை ரஷ்யப் படைகள் நசுக்கியபோது தாய்நாட்டுக்குத் திரும்பாமல் வெளியே நின்றவர். சர்வதேசச் சம்மேளனத்தின் தடைக்கும் ஆளானவர்.

ஸ்பெயினின் பெருமை என்று பிராங்கோவின் பத்திரிகைகள் கொட்டி முழக்கிய கோஷ்டியில், அர்ஜென்டினாக்காரரும், ஹங்கேரியரும், உருகுவேக்காரரும், பிரெஞ்சுக்காரரும் முன்னும் பின்னுமாக ஆடினார்கள். அந்த முழக்கத்துக்கு அவசியமும் இருந்தது. ஹிட்லருக்கும் முஸோலினிக்கும் தோழனாயிருந்த ஆட்சியிடமிருந்து ஸ்தானாபதிகளைத் திரும்ப அழைத்துக்கொள்ளும்படி 1946-ல் ஐக்கிய நாடுகள் சபை சிபார்சு செய்திருந்தது. அந்தத் தீண்டாமை 1950-ல் விலகத் தொடங்கிற்று. டி ஸ்டெபானோ மாட்ரிட் சட்டையை முதலில் அணிந்த அதே செப்டம்பர் மாதத்தில்தான் பிராங்கோவின் ஸ்பெயின் அமெரிக்காவோடு ராணுவத்தள உடன்படிக்கை செய்துகொண்டது. 1955 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபையிலும் இடம் பெற்றது. ஸ்தானாபதிகளை வரவேற்கத் தயங்கிய தலைநகரங்கள்கூட இந்தக் கோஷ்டியை வரவேற்கத் தயங்கவில்லை. வெண்சட்டையணிந்த பதினொரு பேர் செய்த வேலையை வெளிநாட்டு மந்திரியின் இலாகா முழுவதும் செய்திருக்க முடியாது.

1956-ல் டி ஸ்டெபானோ ஸ்பானியப் பிரஜையானார். 1957 ஜனவரியில் ஹாலந்துக்கு எதிராக ஸ்பெயினுக்காக ஆடி மூன்று கோல் போட்டார். மொத்தம் 31 பந்தயங்களில் 23 கோல்கள். ஆயினும் உலகக் கோப்பைப் பந்தயத்தில் அவர் கால் வைத்ததேயில்லை. 1950-லும் 1954-லும் அர்ஜென்டினா கலந்துகொள்ளவில்லை. 1958-க்கு ஸ்பெயின் தகுதி பெறவில்லை. 1962-ல் சிலி தேசம் வரை சென்றார். காயத்தால் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஸ்பெயின் முதற்சுற்றிலேயே வெளியேறியது.

1960-ல் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய தேசங்களுக்கான முதல் கோப்பைப் போட்டியில் ஸ்பெயின் போலந்தை ஜெயித்துக் கால் இறுதிக்கு வந்தது. அடுத்த எதிரி சோவியத் ரஷ்யா. முதல் பந்தயம் மாஸ்கோவில். கோஷ்டி தயாராக இருந்தது. உள்நாட்டு யுத்தத்தில் எதிர்க்கட்சிக்கு உதவிய ரஷ்யர்களின் மண்ணில் ஸ்பெயின் ஆடலாகாது என்று பிராங்கோ தடுத்துவிட்டார். ஆடாமலே ரஷ்யா அடுத்த சுற்றுக்குப் போய், கோப்பையையும் வென்றது. ஸ்பெயின் மைதானத்தில் தோற்கவில்லை; ஒரு மனிதனுடைய பயத்திடம் தோற்றது. முப்பத்து மூன்று வயதிலிருந்த டி ஸ்டெபானோவுக்கு அப்படியொரு வாய்ப்பு மறுபடி வரவில்லை. கிளப்புகள் ஒரு விதத்தில் அவரைச் சொத்தாகப் பாவித்தன என்றால் ராஜ்யம் வேறொரு விதத்தில் பாவித்தது. கிளப்பாவது விலை கொடுத்தது.

மூன்றாவதாக ஒரு கோஷ்டியாரும் அவரை உபயோகித்துக்கொண்டார்கள். 1963 ஆகஸ்டு 24-ந் தேதி விடியற்காலையில் வெனிஸூலாவின் தலைநகரான காராக்காஸில், அவர் தங்கியிருந்த ஹோட்டல் அறைக் கதவைப் போலீஸ் என்று சொல்லிக்கொண்டு சிலர் தட்டினார்கள். அவர்கள் போலீஸார் அல்லர். அந்த நாட்டு சர்க்காரை எதிர்த்த தேசிய விடுதலை ஆயுதப் படையினர். அவ்வருஷம் ஏப்ரலில் பிராங்கோ சுட்டுக் கொல்லச் செய்த கம்யூனிஸ்டுத் தலைவர் கிரிமாவின் பெயரையே இந்தக் காரியத்துக்கு இட்டிருந்தார்கள். தலைமை தாங்கிய வாலிபர், பிராங்கோவுக்குத் தப்பி நாடு கடந்த ஸ்பானியத் தம்பதிகளின் புதல்வர். பணம் கேட்கவில்லை, உலகப் பத்திரிகைகளில் தங்கள் பெயர் வரவேண்டும், அவ்வளவே. இரண்டு நாளைக்குப் பின் ஸ்பானிய ஸ்தானாபதி காரியாலயத்தின் அருகே ஒரு கீறலும் இல்லாமல் இறக்கிவிட்டார்கள். அடக்குமுறையை எதிர்ப்பவர்களிடம் நமக்கு அனுதாபம் உண்டு. ஆனால் பிள்ளைகுட்டிக்காரரான ஒரு தொழிலாளியைத் துப்பாக்கி முனையில் தூக்கிச் செல்வது தேசத் தொண்டு என்று எவர் சொன்னாலும் நாம் ஒப்போம். பிராங்கோவின் பாபத்துக்கு டி ஸ்டெபானோவா பிராயச்சித்தம் செய்ய வேண்டும்?

டி ஸ்டெபானோ ராஜ்ய விவகாரங்களில் தலையிட்ட வீரரல்லர். வேலைநிறுத்தத்தில் நின்ற அந்த இளைஞர் பிற்காலத்தில் சர்வாதிகாரியின் தலைநகரில் சௌகரியமாக வாழ்ந்தார் என்று குறை கூறுவோர் உண்டு. கூறட்டும். அவர் தம்மைத் தியாகி என்று சொல்லிக்கொண்டதில்லை. தாம் செய்த வேலைக்குக் கூலி கேட்டார். 1964-ல் வியன்னாவில் நடந்த இறுதிப் பந்தயத்தில் தோற்ற பிறகு, ஆட்டத்தை விட்டுவிட்டுக் கிளப்பிலேயே வேறு பதவி ஏற்கும்படி பெர்னபேயூ சொன்னபோது, மறுத்து, பார்ஸிலோனாவிலுள்ள எஸ்பன்யோல் கிளப்புக்குப் போய் இரண்டு வருஷம் ஆடினார். பிற்பாடு பயிற்சியாளராகி, அர்ஜென்டினாவில் போக்கா ஜூனியர்ஸுக்கு 1969-லும் ரிவர் பிளேட்டுக்கு 1981-லும், ஸ்பெயினில் வாலன்ஸியாவுக்கு 1971-லும் பட்டங்கள் பெற்றுத் தந்தார். 2000-ல் மாட்ரிட் கிளப் அவரைக் கௌரவத் தலைவராக்கியது.

1948-ல் அவரும் அவருடைய தோழர்களும் கேட்ட மூன்றாவது கோரிக்கை என்னவாயிற்று? இங்கிலாந்தில் சம்பள உச்சவரம்பு 1961-ல் ஒழிந்தது. ஈஸ்ட்ஹாம் என்ற ஆட்டக்காரர் நியூகாஸில் கிளப்பின் மீது தொடுத்த வழக்கில், ஆட்டக்காரனைக் கட்டிவைக்கும் முறை தொழிலுக்கு நியாயமற்ற தடை என்று 1963-ல் நீதிபதி வில்பர்போர்ஸ் தீர்ப்பளித்தார். பெல்ஜியத்தில் பொஸ்மன் என்ற அதிகம் பிரபலமில்லாத ஆட்டக்காரர் ஐந்து வருஷம் கோர்ட்டு ஏறி இறங்கினார். 1995 டிசம்பர் 15-ந் தேதி லக்ஸம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நியாயஸ்தலம் அவர் பக்கம் தீர்த்தது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரன் ஐரோப்பியக் கூட்டரசு நாடுகளுக்குள் எந்தக் கிளப்புக்கும் விலையின்றிப் போகலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். ப்யூனஸ் அயர்ஸ் வேலைநிறுத்தத்துக்கும் இத்தீர்ப்புக்கும் இடையே 47 வருஷங்கள். தீர்ப்பின் பலனைக் கோடிக்கணக்கில் அனுபவிப்பவர்கள் இன்று பலர். பொஸ்மனுக்கு ஆட்ட வாழ்க்கையே அந்த வழக்கில் கரைந்துபோயிற்று.

டி ஸ்டெபானோ 2014-ம் வருஷம் ஜூலை 7-ந் தேதி மாட்ரிடில் காலமானார். எண்பத்தெட்டாவது பிறந்த நாள் கழிந்து மூன்று நாளாகியிருந்தது. அப்போது பிரேஸில் தேசத்தில் உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. ஜூலை 9-ந் தேதி ஸாவோ பாவ்லோவில் அரையிறுதி. ஆட வந்த கோஷ்டிகள் அர்ஜென்டினாவும், ஹாலந்தும். ஆட்டம் தொடங்குமுன் இரு கோஷ்டியாரும் மைதானத்தில் அசையாமல் நின்று அவருக்கு மௌன அஞ்சலி செலுத்தினார்கள்.